ஆர்.இ.-4 போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுபடி கடற்படையில் சேர வழி உண்டா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 30. ஒன்பது வயதில் கோவையிலிருந்து அமெரிக்கா வந்தேன். 2015-இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து நார்ஃபோக்கில் ஒரு கப்பலில் வேலை பார்த்தேன். 2018-இல் ஊரில் அப்பா தவறிவிட்டார். கப்பல் அப்போது கடலில் இருந்தது. காரியத்துக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. திரும்பி வந்த பிறகு தூக்கமே இல்லை. மருத்துவரிடம் நானாகத்தான் போனேன். ‘அட்ஜஸ்ட்மென்ட் டிஸ்ஆர்டர்’ (ஒரு பெரிய மாற்றத்தையோ துயரத்தையோ மனம் ஏற்கத் திணறும் நிலை) என்று எழுதினார்கள். சில மாதங்களில் ‘கண்டிஷன், நாட் எ டிஸபிலிட்டி’ (ஊனம் அல்லாத ஒரு நிலை) என்று காரணம் போட்டு, ‘ஹானரபிள்’ டிஸ்சார்ஜ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் டிஸ்சார்ஜ் சான்றான டிடி-214-இல், மறுபடி சேரலாமா என்பதைக் காட்டும் குறியீடு ஆர்.இ.-4 என்று இருக்கிறது. இப்போது நல்ல வேலை, திருமணமும் ஆகிவிட்டது, மாத்திரை எதுவும் இல்லை. திரும்பச் சேரலாம் என்று போனால், ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டர் அந்த ஒரு கட்டத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடிவிட்டார். டிஸ்சார்ஜை மறுஆய்வு செய்யக் கேட்டு டிடி-293 படிவம் போட்டேன். குறியீட்டை மாற்றத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று பதில் வந்தது. மூன்று வருடக் கெடுவும் தாண்டிவிட்டது என்கிறார்கள். வக்கீல் 5,000 டாலர் கேட்கிறார். எல்லாம் முடிந்துபோனதா அக்கா?
(பெயர் வேண்டாம், ஹூஸ்டன்)

பதில்: தம்பி, முடியவில்லை. மனு தவறான வாரியத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். பலருக்கும் நடப்பதுதான் இது.

கடற்படைக்கு இரண்டு வாரியங்கள் உண்டு. ஒன்று டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியம். நீங்கள் போட்ட 293 அங்கேதான் போகும். டிஸ்சார்ஜின் தரத்தையும் காரணத்தையும் அவர்கள் மாற்றலாம். ஆர்.இ. குறியீட்டைத் தொட முடியாது. அதற்கு அதிகாரம் உள்ளது இன்னொன்று: கடற்படை ஆவணத் திருத்த வாரியம். படிவம் டிடி-149. கட்டணம் கிடையாது. அங்கே முடிவு சொல்பவர்கள் சீருடைக்காரர்கள் அல்ல, சிவிலியன்கள். அப்புறம், மறுஆய்வு வாரியம் அனுப்பிய அந்தப் பதில் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சும்மா இருக்கவில்லை, முயற்சி செய்தேன் என்பதற்கு அதுவே சாட்சி.

மூன்று வருடக் கெடு உண்மைதான். பிழையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மூன்று வருடம் என்கிறது சட்டம். ஆனால் நியாயம் கருதி அந்தக் கெடுவைப் பொருட்படுத்தாமல் விடும் அதிகாரத்தையும் அதே சட்டம் வாரியத்துக்குக் கொடுத்திருக்கிறது. ஏன் தாமதம் என்று படிவத்திலேயே கேட்பார்கள். அந்த இடத்தைக் காலியாக விடாமல், நடந்ததை நடந்தபடி இரண்டு மூன்று வரிகளில் எழுதுங்கள்.

சரி, இப்போது டிடி-214-ஐ எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பகுதியில் 23 முதல் 28 வரையிலான கட்டங்கள் தெரிகின்றனவா? தெரியாவிட்டால் உங்கள் கையில் இருப்பது சுருக்கப் பிரதி. ‘மெம்பர்-4’ என்று போட்ட பிரதி வேண்டும். 24-இல் ‘ஹானரபிள்’ இருக்கும். 26-இல் வெளியேற்றக் குறியீடு. 27-இல் உங்களைத் தூங்கவிடாத அந்த ஆர்.இ.-4. 28-இல் காரணம். உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணத்தோடு வெளியே போகிறவருக்குக் கடற்படை விதிப்படி ஆர்.இ.-3ஜி என்ற குறியீட்டையும் கொடுக்கலாம். இரண்டில் எது என்பது பெரும்பாலும் மேலதிகாரியின் பரிந்துரையைப் பொறுத்தது. 4 என்றால் ‘திரும்ப எடுக்கப் பரிந்துரை இல்லை’. 3ஜி என்றால் ‘ஒரு தடை இருக்கிறது, விலக்கு வாங்கினால் சேரலாம்’. ரெக்ரூட்டர் 4-ஐப் பார்த்தால் மூடிவிடுவார். 3-ஐப் பார்த்தால் வெய்வர் (அந்த விலக்கு) கேட்டு மேலே அனுப்பலாம்.

அதனால்தான் சொல்கிறேன், தடையே இல்லாத ஆர்.இ.-1 கேட்டு நிற்காதீர்கள். காரணத்தையும் சேர்த்து மாற்றச் சொல்லி மனுவைப் பெரிதாக்கவும் வேண்டாம். “இதே காரணத்துக்கு உங்கள் விதியே அனுமதிக்கும் 3ஜி-யைக் கொடுங்கள்” என்று மட்டும் கேளுங்கள். வாரியம் ‘ஆம்’ சொல்வதற்கு இது எவ்வளவோ சுலபமான கோரிக்கை.

ஆனால் கேட்டால் மட்டும் போதாது. அதிகாரிகள் அன்று சரியாகத்தான் செய்திருப்பார்கள் என்ற அனுமானத்தோடுதான் வாரியம் உங்கள் கோப்பைத் திறக்கும். அதைச் சாய்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. “எனக்கு நாட்டுப்பற்று இருக்கிறது, மறுபடி சேவை செய்ய ஆசை” என்று நான்கு பக்கம் எழுதுகிறவர்கள் தோற்றுப்போவது இங்கேதான். ஆசையை அவர்கள் சந்தேகிக்கவில்லை. அவர்கள் தேடுவது பிழையையோ அநீதியையோ.

உங்கள் விஷயத்தில் அதைத் தேட வேண்டிய இடங்கள் மூன்று. முதலில் ‘பேஜ் 13’. உங்களுக்குத் தெரிந்திருக்கும், நடத்தையிலோ வேலையிலோ குறை இருக்கிறது, திருத்திக்கொள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் தாள். இந்த வகை டிஸ்சார்ஜுக்கு முன்னால் அப்படி முறையாக எச்சரித்து, சரிசெய்துகொள்ள அவகாசமும் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்தார்களா? எந்தத் தேதியில்? தாளில் கையெழுத்து வாங்கி ஒரு வாரத்தில் வெளியேற்ற நோட்டீஸ் வந்திருந்தால், அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். அதற்கு மேல் வாதம் தேவைப்படாது.

இரண்டாவது, நோயை உறுதிசெய்தவர் யார் என்பது. மனநல மருத்துவரோ முனைவர் பட்டம் பெற்ற உளவியலாளரோ எழுத்தில் உறுதிசெய்திருக்க வேண்டும். கடற்படைச் சூழலில் வேலை செய்ய முடியாத அளவுக்கு நிலைமை கடுமையாக இருக்கிறது என்றும் அதில் இருக்க வேண்டும். அப்பா போன துக்கத்தில் தூக்கம் வராத பிள்ளைக்கு அப்படி எழுதினார்களா, இல்லை வெறும் பெயரை மட்டும் எழுதிவிட்டார்களா என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது: கடைசி இவால், அதாவது பணி மதிப்பீட்டு அறிக்கை. அதன் கீழே ‘ரிடென்ஷன்’ (பணியில் தொடரலாமா) என்று ஒரு கட்டம் இருக்கும். பரிந்துரைக்கப்படுகிறார், பரிந்துரைக்கப்படவில்லை என்று இரண்டில் ஒன்றைக் குறித்திருப்பார்கள். உங்கள் அதிகாரி அங்கே ‘பரிந்துரைக்கப்படுகிறார்’ என்று குறித்துவிட்டு, டிடி-214-இல் ஆர்.இ.-4 வந்திருந்தால், அவர்களுடைய இரண்டு காகிதங்களே ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அந்த இவாலை மனுவோடு முதல் இணைப்பாக வையுங்கள்.

இவை எல்லாமே உங்கள் சேவைக் கோப்பில் இருக்கும். செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப்-180 படிவம் போட்டால் அனுப்புவார்கள். கோப்பு கைக்கு வரும்வரை 149-இல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். நினைவிலிருந்து எழுதி, பிறகு காகிதம் வேறு மாதிரி சொன்னால் மனு முழுவதும் நம்பகம் இழந்துவிடும்.

இன்னொரு விஷயத்தை நிதானமாக யோசிக்க வேண்டும். மனநலக் காரணம் உள்ள மனுக்களைத் தாராளமாகப் பரிசீலிக்க வேண்டும் என்று பாதுகாப்புத் துறை 2014-இலும் 2017-இலும் வாரியங்களுக்கு வழிகாட்டி அனுப்பியது. 2017 வழிகாட்டி ஆர்.இ. குறியீட்டுக்கும் பொருந்தும். பலர் உங்களிடம் அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். உங்களுக்கு அது இரண்டு பக்கமும் கூரான கத்தி. அன்று மிகவும் நோயுற்றிருந்தேன் என்று எவ்வளவு அழுத்திச் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு “அப்படியானால் இவரைத் திரும்பக் கப்பலில் ஏற்றலாமா?” என்ற கேள்வி எழும். கெட்ட டிஸ்சார்ஜை நல்லதாக்கக் கேட்பவரின் நிலை வேறு. உங்கள் டிஸ்சார்ஜ் ஏற்கனவே நல்லதுதான். ஆகவே உண்மையை அதன் அளவிலேயே சொல்லுங்கள்: தந்தையின் மரணம், துக்கம், தானாக உதவி தேடியது, குணமானது. ஊரிலிருந்து அப்பாவின் இறப்புச் சான்றிதழை வரவழையுங்கள். இப்போதைய மனநல மருத்துவர் ஒருவரிடம் முழுப் பரிசோதனை செய்து, அறிகுறி இல்லை, சிகிச்சை தேவையில்லை என்று எழுதி வாங்குங்கள். வாரியம் தன் பக்கத்திலிருந்து மருத்துவக் கருத்து கேட்டால் அதன் பிரதி உங்களுக்கும் வரும், பதில் சொல்லக் கெடுவும் கொடுப்பார்கள். அந்தக் கடிதம் வந்த அன்றே உட்கார்ந்து படியுங்கள்.

தூக்கம் வரவில்லை என்று மருத்துவரிடம் நானாகப் போனேனே என்று உங்களை நீங்களே நொந்துகொள்வது கடிதத்தில் தெரிகிறது. போனது சரிதான் தம்பி. அதை மனுவில் ஒளிக்க வேண்டாம், முதல் பத்தியிலேயே வையுங்கள்.

வக்கீல் இப்போதைக்கு வேண்டாம். அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படையினர் அமைப்புகளும் சில சட்டக் கல்லூரி கிளினிக்குகளும் பணம் வாங்காமல் உதவுகின்றன. வாரியம் மறுத்தால் புதிய ஆதாரத்தோடு மறுபடி கேட்கலாம், கூட்டாட்சி நீதிமன்றத்துக்கும் போகலாம். அந்த நீதிமன்றக் கட்டத்துக்கு அந்த 5,000-ஐ வைத்திருங்கள். ஆறு மாதம் போனால் குறியீடு தானாக மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி ஒரு விதியே இல்லை.

முடிவு சொல்ல வாரியத்துக்குச் சட்டம் 18 மாதம் கொடுக்கிறது. சேரும் வயது வரம்பைக் கடற்படை 2022 நவம்பரில் 41 ஆக உயர்த்தியது, ஆகவே உங்களுக்கு நேரம் இருக்கிறது. 3ஜி கிடைத்தாலும் அதோடு வேலை முடியாது. வெய்வரும் மருத்துவத் தகுதியும் தனித்தனியாக வாங்க வேண்டும், மறுக்கவும் செய்யலாம். மனைவியிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். எஸ்எஃப்-180-ஐ இந்த வாரமே அனுப்புங்கள். கோப்பு வந்ததும் அந்த ரிடென்ஷன் கட்டத்தில் என்ன குறித்திருக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.