பட்டியில் ஆடு செத்துக் கிடக்கிறது, கடித்தது நாயா நரியா?

மணலி பக்கம் பட்டி வைத்திருக்கிறீர்கள், விடிந்து பார்த்தால் மூன்று செம்மறி செத்துக் கிடக்கின்றன, அக்கம்பக்கத்தில் நரி என்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் சந்தேகம் நாய் மேல்தான்.

நரி பசிக்கு வருவது. பெரும்பாலும் குட்டியாகப் பார்த்து அடிக்கும், வயிற்றுப் பக்கம் கிழித்துத் தின்னும், இல்லையென்றால் தூக்கிக்கொண்டு போய்விடும். தெருநாய்க் கூட்டம் அப்படியில்லை, ஆடு மிரண்டு ஓடுவதைப் பார்த்தாலே வெறி ஏறிவிடும், தொடை, விலா, காது என்று கிடைத்த இடத்தில் கடித்துக் குதறி, ஒன்றை விட்டு அடுத்ததைத் துரத்தி, கடைசியில் எதையுமே சரியாகத் தின்னாமல் போயிருக்கும்.

இன்னொன்றும் பாருங்கள். கடிபட்ட இடத்தில் தோலை உரித்தால் சதை கன்றி, நாவல்பழச் சாறு ஊறியது போல இருக்கிறதா? அப்படியானால் உயிரோடு இருக்கும்போதே கடி விழுந்திருக்கிறது. சதை வெளிறிச் சுத்தமாக இருந்தால், ஆடு வேறு எதிலோ செத்து, அப்புறம்தான் நாய் வாய் வைத்திருக்கிறது. இதை நீங்களே செய்ய வேண்டாம், கடித்தது வெறிநாயாகவும் இருக்கலாம், கால்நடை மருத்துவர் பிரேதப் பரிசோதனையில் பார்த்துச் சொல்வார்.

புதைக்க அவசரப்படாதீர்கள். தெருநாய் கடித்து இறக்கும் கால்நடைகளுக்கு இழப்பீடு தருவதாக 2025இல் தமிழக அரசு அறிவித்தது, அதற்குப் படமும் சான்றும் கையில் இருப்பது நல்லது. அப்புறம் வேலிக் கம்பிவலையின் அடிப்பகுதியை மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள், நாய் தோண்டியும் நுழையும். பக்கத்தில் கறிக்கடைக் கழிவு கொட்டுகிறார்களா என்றும் பாருங்கள்.