எழுதியவர் ஒருவர், இணைப்பு இன்னொருவருக்கு

கே: பல வருடங்களாகச் செடி வளர்ப்பு பற்றி என் இணையதளத்தில் எழுதுகிறேன். தக்காளி இலை ஏன் சுருள்கிறது என்று நானே கவனித்து எழுதியது இப்போது தேடலில் ஏஐ பதிலாக மேலே வருகிறது. ஆனால் இணைப்பு, என்னைப் பார்த்து எழுதிய வேறொரு தளத்துக்குப் போகிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

ப: படிக்கவே வருத்தமாக இருந்தது. முதலில் எழுதியது யார் என்று கண்டுபிடிப்பதை ஏஐ தேடல் தன் வேலையாக வைத்துக்கொள்ளவில்லை, அதுதான் இதில் எனக்கு ஆறாத விஷயம். ஒருவர் 'தக்காளி இலை சுருள்கிறது' என்று தட்டினால், தண்ணீர் குறைவா, வெயிலா, வெள்ளை ஈ பரப்பும் வைரஸா என்று அந்த ஒரு கேள்வியைப் பல குட்டிக் கேள்விகளாகப் பிரித்துத் தனித்தனியாகத் தேடுகிறது (கூகுள் இதை 'க்வெரி ஃபேன் அவுட்' என்கிறது). கிடைத்த பக்கங்களை முழுசாக எடை போடுவதைவிட, கேள்வியின் பொருளோடு எந்தப் பத்தி நெருங்குகிறது என்பதே அங்கே பெரிதாக எடுபடுகிறது. அப்படித் தேறிய பத்திகளை வைத்து ஏஐ மாடல் பதில் எழுதுகிறது, இணைப்பும் அவற்றுக்கே போகிறது.

உங்கள் கட்டுரையில் விடை ஏழாவது பத்தியில் 'அதனால்தான் இப்படி ஆகிறது' என்று இருந்தால், அந்த வரியைத் தனியாகப் பிய்த்து எடுக்கும்போது எது, எதனால் என்று ஒன்றுமே புரியாது. பார்த்து எழுதியவர் 'கடும் வெயிலில் தக்காளி இலை மேல்நோக்கிச் சுருளும்' என்று நேராக எழுதியிருப்பார். அனுபவக் கதையை எடுக்க வேண்டாம், அதுதான் உங்கள் பலம். ஒவ்வொரு துணைத்தலைப்புக்குக் கீழும் முதல் இரண்டு வரியில் செடியின் பெயர், காரணம், தீர்வு மூன்றும் இருக்கும்படி மாற்றுங்கள்.

கே: எந்த பாட் (பக்கங்களைத் தானாகப் படிக்கும் நிரல்) தளத்துக்குள் வரலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில், சாட்ஜிபிடி நிறுவனமான ஓப்பன்ஏஐயின் ஜிபிடிபாட்டைத் தடுத்துவிட்டேன். அதனால்தான் இணைப்பு வரவில்லையா?

ப: இல்லை. ஜிபிடிபாட் வருவது மாடலின் பயிற்சிக்கு. சாட்ஜிபிடி தேடலில் உங்கள் பக்கம் வர வேண்டுமானால் அதே நிறுவனத்தின் ஓஏஐ-சர்ச்பாட்டை உள்ளே விட வேண்டும், இரண்டும் வேறு வேறு. கூகுளின் ஏஐ பதில்களோ வழக்கமான தேடலுக்குப் பக்கங்களைப் படிக்கும் கூகுள்பாட் எடுத்துப் போனதை வைத்தே வருகின்றன, கூகுளின் ஏஐ மாடல் பயிற்சிக்கான அனுமதியைக் குறிக்கும் கூகுள்-எக்ஸ்டெண்டடைத் தடுத்தாலும் அவற்றில் மாற்றம் இருக்காது. அப்புறம் இன்னொன்று: ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் எழுத்தே தெரியும் என்கிற பக்கங்கள் பல ஏஐ பாட்களுக்கு வெறுமையாகத்தான் தெரியும்.

கே: இணைப்பு இருந்தால் பதில் சரியாகத்தானே இருக்கும்?

ப: அப்படி நம்பிவிடாதீர்கள். 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் நான்கு ஏஐ தேடுபொறிகளைச் சோதித்தபோது, பதில்களில் இருந்த வாக்கியங்களில் சுமார் 51.5 சதவீதத்துக்குத்தான் இணைப்புகளில் முழு ஆதாரம் இருந்தது. 2024 மே மாதம், பீட்சாவில் சீஸ் ஒட்ட பசையைச் சேர்க்கச் சொல்லி வந்த கூகுள் பதிலுக்கு மூலம், பல வருடங்களுக்கு முன் ரெடிட்டில் யாரோ விளையாட்டாக எழுதிய ஒரு வரி. கேள்விக்கு அது நன்றாகவே பொருந்தியது, உண்மையாக இல்லை, அவ்வளவுதான். இணைப்பைத் திறந்து, பதிலில் உள்ள எண்ணோ பெயரோ அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், அரை நிமிட வேலை. மருந்தின் அளவு, பணம், சட்டம் என்றால் கட்டாயம் பாருங்கள்.