மீந்த மருந்தைக் குதிரைக்கும் பூசினால்

கேள்வி: ஐயா, வள்ளியூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் கன்னி இன நாய் ஒன்றும், ரேக்ளாவுக்கு ஓட்டுகிற குதிரையும் நிற்கின்றன. நாய்க்கு உண்ணி அப்பிக்கிடந்தது. கடையில் அமிட்ராஸ் தந்தார்கள். தண்ணீரில் கலந்து நாய்க்கு ஊற்றிவிட்டு, மீந்ததைக் குதிரைக்கும் பூசினேன். முந்தாநாளிலிருந்து குதிரை லத்தி போடவில்லை, தூங்கி விழுகிறது. விளக்கெண்ணெய் எவ்வளவு புகட்டலாம்?

பதில்: தம்பி, ஒரு சொட்டுகூடக் கூடாது. அன்றைக்கே போனில் சொன்னதுதான், மற்றவர்களுக்காகத் திரும்ப எழுதுகிறேன். அமிட்ராஸ் மாட்டுக்கும் நாய்க்கும் சரி. குதிரைக்கு ஆகவே ஆகாது. தோல் வழியாக உள்ளே இறங்கிப் பெருங்குடலின் ஓட்டத்தையே நிறுத்திவிடும். உள்ளே தீனி கட்டிக்கொள்ளும். விலாவில் காதை வைத்தால் கடமுடா சத்தமே கேட்காது. குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது. மூங்கில் குழலில் எண்ணெய் புகட்டினால் பாதி நுரையீரலுக்குப் போய்விடும். டாக்டர் மூக்கு வழியாக டியூப் விட்டுத்தான் மருந்து செலுத்த வேண்டும், நரம்பில் குளுக்கோஸ், சலைன் ஏற்ற வேண்டும். இராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில் அதைத்தான் செய்தார்கள். மூன்றாம் நாள் நீங்கள் அனுப்பிய லத்திப் படத்தைப் போல் எந்தப் படமும் என்னைச் சந்தோஷப்படுத்தியதில்லை!

கடைக்கார அண்ணாச்சி உரமும் விற்பார், பூச்சிமருந்தும் விற்பார். எந்த மிருகத்துக்கு என்று ஒரு வார்த்தை கேட்டாரா? லேபிளைப் படிக்காமல் கொடுப்பவரிடம் தவிட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். உண்ணி நாயின் மேல் இருப்பதைவிட உங்கள் கொட்டகையில்தான் அதிகம். நாயுண்ணி குஞ்சாக ஒரு தடவை, வளரும்போது ஒரு தடவை, முழு உண்ணியாக ஒரு தடவை என்று மூன்று முறை ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் கீழே விழுந்து சுவரேறும். வயிறு புடைத்த ஒரு பெட்டை உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ரத்தம் கிடைக்காத உண்ணி தீனியே இல்லாமல் மாதக்கணக்கில் விரிசலுக்குள் உட்கார்ந்திருக்கும். ராத்திரி டார்ச் அடித்து, நாய் படுக்கிற மூலையில் பனையோலைக் கூரை சுவரைத் தொடுகிற இடத்தைப் பாருங்கள்; மிளகு சிந்தினாற்போலத் தெரியும். அதை விட்டுவிட்டு நாயை மட்டும் மாதாமாதம் மருந்தில் முக்குவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. விரிசலைச் சிமென்ட் வைத்து அடையுங்கள், சுண்ணாம்பு அடியுங்கள், பழைய ஓலையையும் சாக்கையும் எரித்துவிடுங்கள். மருந்து வாடை போனபிறகு நாலு நாட்டுக்கோழியை உள்ளே விடுங்கள், பொறுக்கித் தின்னும். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், செய்து பார்த்தவர்கள் சிரிப்பதில்லை.

நாய்க்குக் காய்ச்சல், ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம் என்று ஏதாவது உண்டா? இருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்த டானிக் வாங்கி நாளைக் கடத்தாமல் ரத்தத்தைச் சோதித்துத் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை எண்ணச் சொல்லுங்கள். டாக்டர் டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால் 28 நாள் கணக்கு. ஐந்தாம் நாள் வாலை ஆட்டுகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள்.