ஆட்டுக் காணியின் வாசலில் கல் தளம் போட அனுமதி வேண்டுமா?

கேள்வி: இங்கிலாந்தில் 6 ஏக்கர் புல்வெளிக் காணி வாங்கி, இறைச்சிக்கு விற்பதற்காக 30 செம்மறிகள் வளர்க்கிறேன். குளிர்காலத்தில் வாசல் முழுவதும் சேறாகி ட்ரெய்லர் புதைந்துவிடுவதால், படலைக்கு உட்புறம் 12 மீற்றருக்கு 15 மீற்றர் அளவில் ஒரு ஹார்ட்ஸ்டாண்டிங் (கெட்டியான கல் தளம்) போட விரும்புகிறேன். லொறி வைத்திருக்கும் ஒருவர் இடிபாட்டுக் கற்களை இலவசமாகவே கொட்டித் தருவதாகச் சொல்கிறார். விவசாயக் காணிக்கு அனுமதி தேவையில்லை என்றும், நான்கு வருடம் கடந்தால் கவுன்சில் வாய் திறக்க முடியாது என்றும் கூறுகிறார். மகளின் குதிரையும் அங்கேதான் நிற்கிறது. அவரை நம்பலாமா?

பதில்: அனுமதியைப் பற்றி அவர் சொன்னது பாதி சரி. நான்கு வருடக் கதை காலாவதியாகிவிட்டது. இலவசக் கல் என்பதுதான் உங்களை உண்மையில் விழுத்தக்கூடியது.

நிலத்தில் கல் பரப்பி இறுக்குவதும் 1990ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டப்படி ஒரு கட்டுமான வேலையே. ஆகவே விவசாயக் காணிக்கு அனுமதியே வேண்டாம் என்பது தவறு. ஆனால் 2015ஆம் ஆண்டின் பொது அனுமதி ஆணை, விவசாயத்துக்கு நியாயமாகத் தேவைப்படும் சில வேலைகளுக்கு விண்ணப்பம் இல்லாமலே அனுமதியைத் தந்துவிடுகிறது. உங்கள் 6 ஏக்கர் ஏறத்தாழ 2.4 ஹெக்டேயர். 0.4 முதல் 5 ஹெக்டேயர் வரையான பண்ணைகளுக்குரிய பிரிவில், கெட்டியான தளம் அமைப்பது வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. உங்களுடைய 180 சதுர மீற்றர் அதன் அளவு வரம்புக்குள் தாராளமாக அடங்கும்.

இடறல் உங்கள் படலையில் இருக்கிறது. வகைப்படுத்தப்பட்ட (‘ஏ’, ‘பி’, ‘சி’ என வகை குறிக்கப்பட்ட) வீதியொன்றின் தார் விளிம்பிலிருந்து 25 மீற்றருக்குள் தளத்தின் எந்தப் பகுதி வந்தாலும் இந்தச் சலுகை கிடையாது. முறையான விண்ணப்பம் போட வேண்டும். இலக்கப் பலகை இல்லாத ஒடுங்கிய ஒழுங்கைதானே என்று பலர் இதில் ஏமாறுகிறார்கள். ‘சி’ வகை வீதிகளின் இலக்கம் பெரும்பாலும் பலகைகளில் எழுதப்படுவதில்லை, ஆனால் அவையும் வகைப்படுத்தப்பட்டவையே. வீதி அதிகாரசபையிடம் ஒரு மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திவிட்டு, அதன்பின் அளவு நாடாவை எடுங்கள்.

அடுத்தது குதிரை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவர் இதில் மாட்டிக்கொள்கிறார். குதிரை புல் மேய்வது விவசாயம். குதிரையை வைத்துப் பராமரிப்பது விவசாயம் அல்ல. இது வேடிக்கையாகத் தோன்றினாலும் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட வேறுபாடுதான். குதிரை அந்த நிலத்தின் புல்லையே முக்கியமாக உண்டு நிற்கும்வரை சிக்கல் இல்லை. அதற்கு வெளியிலிருந்து தீவனம் கொண்டுவந்து, கொட்டில் வைத்து, சவாரிக்குத் தடைக்கம்புகளும் நட்டுவிட்டால், அந்தப் பகுதியின் பயன்பாடே மாறிவிட்டது என்று அதிகாரி எழுதலாம். தளத்தில் குதிரை ட்ரெய்லர் நிற்கும் ஒரேயொரு படம் போதும், ‘இது ஆட்டுக்காகப் போட்ட தளம் அல்ல’ என்ற வாதத்துக்கு. அதோடு, விவசாயம் பொழுதுபோக்காக இல்லாமல் தொழிலாக நடக்க வேண்டும். பண்ணைப் பதிவு இலக்கம் இருப்பது மட்டும் அதற்குச் சான்றாகாது. செம்மறி விற்ற பற்றுச்சீட்டுகளும் தீவனக் கணக்கும்தான் பேசும்.

இனி அந்த லொறிக்காரர். கணக்கைப் பாருங்கள்: 180 சதுர மீற்றரில் 20 சென்ரிமீற்றர் தடிப்பாகக் கல் போட்டால் 36 கன மீற்றர், அதாவது சுமார் 70 தொன். பெரிய லொறி ஒன்று ஒரு தடவையில் 20 தொன்னளவு ஏற்றும். நான்கு லொறியில் முடிந்துவிடும் வேலை இது. ஒருவர் இருபது, முப்பது லொறிகளைப் பற்றிப் பேசினால், அவர் உங்களுக்குத் தளம் போட வரவில்லை. குப்பை கொட்ட இடம் தேடி வருகிறார். கட்டட இடிபாடுகளை முறையான இடத்தில் ஒப்படைக்க அவர் காசு கட்ட வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கும் இடமாக உங்கள் காணி அமைகிறது. இப்படிப் போட்ட தளம் ஒன்றின் ஓரத்தை நான் மண்வெட்டியால் கிளறிப் பார்த்திருக்கிறேன்: மேலே ஒரு சாண் அளவுக்கு அழகான செங்கல் தூள், அதன்கீழ் பிளாஸ்டர்போர்ட் துண்டுகள், கம்பளம், வயர், ஒரு குளியலறைத் தொட்டியின் பாதி. லொறிக்காரரின் தொலைபேசி அதற்குள் அணைந்துவிட்டிருந்தது. அகற்றும் பொறுப்பு காணிக்காரரின் தலையில் விழுந்தது.

தளத்துக்கெனக் கழிவுக் கற்களை வெளியிலிருந்து கொண்டுவரத் திட்டமிடல் ஆணை இடமளிக்கிறது, ஆனால் வந்தவை குவிந்து கிடக்காமல் உடனடியாகத் தளத்தில் சேர்க்கப்பட வேண்டும். அதற்கும் மேலாகச் சூழல் முகமையின் விதிகள் இருக்கின்றன. கழிவுக் கல்லை மீண்டும் பயன்படுத்துவதற்கான தர விதிகளின்படி உடைத்துச் சலித்த கல் என்பதற்கான பத்திரத்தைக் கேளுங்கள். அது இல்லையென்றால், கழிவைக் கட்டுமானத்தில் பயன்படுத்த இடமளிக்கும் ‘யு1’ எனப்படும் விலக்கு உங்கள் காணிக்குப் பதிவாகியிருக்க வேண்டும். கொண்டுவருபவர் பதிவுபெற்ற கழிவு ஏற்றுநரா என்பதை முகமையின் பொதுப் பதிவேட்டில் நீங்களே பாருங்கள். ஒவ்வொரு சுமைக்கும் உரிய கழிவுக் கைமாற்றுச் சீட்டை வாங்கி இரண்டு வருடம் வைத்திருங்கள். ‘பேப்பர் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்பவரைப் படலையோடு அனுப்பிவிடுங்கள். சட்டவிரோதமாகக் கொட்டப்படுவதைத் தெரிந்தே அனுமதித்த காணிக்காரரிடமிருந்தும் 2018 ஏப்ரலிலிருந்து நிலநிரப்பு வரி (கழிவை நிலத்தில் கொட்டுவதற்கான வரி) அறவிடலாம்; அதன் தொகை நீங்கள் மிச்சம் பிடித்த கல்லின் விலையை விழுங்கிவிடும்.

நான்கு வருடம் என்பது பழைய சட்டம். இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 25 அன்றோ அதன் பின்னரோ முடிவடைந்த வேலைகளுக்கு, கவுன்சில் நடவடிக்கை எடுக்கக்கூடிய காலம் பத்து வருடம்.

இவ்வளவுக்கும் பிறகு, தளம் காணியின் வெளித்தோற்றத்தைக் ‘குறிப்பிடத்தக்க அளவில்’ பாதிக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனையும் உண்டு. எவ்வளவு குறிப்பிடத்தக்கது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அன்றைக்குக் கோப்பை எடுக்கும் அதிகாரி சொல்வார். காசு வாங்கிக்கொண்டு கவுன்சில் தரும் முன்னாலோசனை அந்தக் கவுன்சிலையே கட்டுப்படுத்தாது. சேற்றில் நிற்கும் ஓர் ஆட்டுக்காரருக்கு இப்படியொரு ஏற்பாட்டை யார் யோசித்தார்களோ, எனக்கு விளங்கவில்லை. ஆகவே வீதியின் வகை உங்களுக்குச் சாதகமாக இருந்தால், முன்னாலோசனைக்குக் காசு கொடுக்காமல், வேலை சட்டப்படி சரியானது என்று கவுன்சிலே உறுதிப்படுத்தும் சட்டபூர்வச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் முழு விண்ணப்பத்தின் பாதி, கிடைத்தால் கவுன்சிலைக் கட்டுப்படுத்தும். அளவுகளுடன் வரைபடம், சேற்றின் படங்கள், செம்மறி விற்பனைக் கணக்கு ஆகியவற்றை இணையுங்கள். சான்றிதழ் கையில் வரும்வரை எந்த லொறிக்கும் படலையைத் திறக்க வேண்டாம்.