படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை: கல்யாண வீடியோவை டிவியில் பார்ப்பது எப்படி?

கேள்வி: தோவாளையில் இருக்கிறோம். போன தை மாதம் தங்கை கல்யாணம் நடந்தது. ஸ்டூடியோக்காரர் தந்த பென் டிரைவை டிவியில் சொருகினால் படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் ஐபோனில் எடுத்ததில் சத்தம் வருகிறது, திரை கறுப்பு. முகூர்த்தம் முழுவதும் உள்ள பெரிய ஃபைல் ஒன்று வேறு பென் டிரைவில் ஏறவே மாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டரில் எல்லாம் ஓடுகின்றன. தாத்தா அம்மன் கோவில் கொடையில் வில்லுப்பாட்டு பாடிய பழைய டிவிடியும் ஒன்று இருக்கிறது. எங்கள் ஃபுல் எச்டி டிவி 2016-ல் வாங்கியது. புது டிவி வாங்க வேண்டுமா? எல்லாவற்றையும் எம்பி4 ஆக மாற்றினால் போதும் என்கிறான் தம்பி.

பதில்: டிவி வாங்க வேண்டாம். எல்லாவற்றையும் மாற்றவும் வேண்டாம். படத்தை ஒவ்வொரு முறை கன்வெர்ட் செய்யும்போதும் தரம் கொஞ்சம் போகும், போனது திரும்பாது. ஒரு வீட்டில் ராத்திரியோடு ராத்திரியாக எல்லா ஃபைலையும் சின்னதாக மாற்றிவிட்டு, இடம் போதவில்லை என்று அசலை அழித்துவிட்டு என்னிடம் வந்தார்கள். தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண்ணின் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அசலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள்.

கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவிப்போம் அல்லவா? ஓலையை மட்டும் பார்த்து உள்ளே கருப்பட்டியா சீனியா என்று சொல்ல முடியாது. எம்பி4, எம்கேவி, எம்ஓவி, ஏவிஐ எல்லாம் ஓலைதான். உள்ளே படம் ஒரு முறையிலும் சத்தம் வேறொரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்தச் சுருக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். பெயரில் எம்கேவியை அழித்து எம்பி4 என்று எழுதினால் உள்ளே எதுவும் மாறாது. கம்ப்யூட்டரில் வீடியோ ஓட்டும் விஎல்சி என்ற இலவச மென்பொருள் பெரும்பாலான கோடெக்குகளைத் தன்னோடே வைத்திருக்கிறது. டிவியின் சிப்புக்குத் தெரிந்தவை சிலதான்.

ஆகவே முதல் வேலை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. விஎல்சியில் ஃபைலை ஓடவிட்டு, கன்ட்ரோல் விசையோடு ஜே விசையை அழுத்துங்கள். படத்தின் கோடெக்கும் சத்தத்தின் கோடெக்கும் தனித்தனியாக வரும். குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டூடியோ ஃபைலில் படம் வருவதால், படத்தில் கை வைக்கத் தேவையில்லை. சத்தம் பிசிஎம் என்றோ டிடிஎஸ் என்றோ காட்டும் என்று நினைக்கிறேன். கேமராவிலிருந்து வரும் எம்ஓவி ஃபைல்களில் பெரும்பாலும் சுருக்காத பிசிஎம் சத்தம்தான் இருக்கும், அது டிவிக்குப் புரியாமல் போகலாம். டிடிஎஸ் உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதால் பல டிவிகளில் அது கிடையாது. அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, இடப்பக்கம் வீடியோவுக்குக் காப்பி என்றும் ஆடியோவுக்கு ஏஏசி என்ற கோடெக்கும், கீழே ஓலைக்கு எம்பி4 மக்ஸர் என்றும் வைத்துச் சேமியுங்கள். படம் அப்படியே நகலாகும், சத்தம் மட்டும் மாறும். மணிக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம், தரமும் போகாது.

அண்ணன் எடுத்ததில் படம் எச்இவிசி முறையில் இருக்கும். எச்.265 என்பதும் இதுதான். 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் இந்த முறையில் பதிவு செய்கிறது. அந்தக் காலத்து ஃபுல் எச்டி டிவிகள் பலவற்றுக்கு எச்.264 மட்டுமே தெரியும். இந்த ஒன்றில்தான் படத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச கன்வெர்ட் மென்பொருளில் எச்.264 தேர்ந்து, தர எண்ணை 20-க்கு வையுங்கள். எண் குறையக் குறையத் தரமும் ஃபைல் அளவும் கூடும். இனி எடுப்பதற்கு, போனின் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ், மோஸ்ட் கம்பாட்டிபிள் என்று மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுங்கித்தான் வரும். டாக்குமெண்டாக அனுப்பினால் 2 ஜிபி வரை அப்படியே வந்துசேரும்.

பெரிய ஃபைல் ஏறாததற்குக் காரணம் வீடியோ அல்ல, பென் டிரைவ். அது எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் 64 ஜிபி காலியாக இருந்தாலும் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள், டிவி அதைப் படிக்காவிட்டால் என்டிஎஃப்எஸ். ஃபார்மட் செய்தால் உள்ளே உள்ளதெல்லாம் போய்விடும், மறக்க வேண்டாம்.

இத்தனையும் வேண்டாம் என்றால் ஒரு ஆண்ட்ராய்டு டிவி பெட்டி வாங்கி எச்டிஎம்ஐயில் மாட்டி, அதில் விஎல்சி போட்டுக்கொள்ளலாம். யூஎஸ்பி துளை இருக்கிறதா, எச்இவிசி ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் யூஎஸ்பி இருக்காது.

டிவிடியைத்தான் நீங்கள் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் அதைத்தான் முதலில் எடுப்பேன். கல்யாண வீடியோவின் இன்னொரு பிரதி ஸ்டூடியோவில் கேட்டாலும் கிடைக்கலாம். தாத்தாவின் பாட்டுக்கு அந்த ஒரு தட்டுதான். வீட்டில் எழுதிய டிவிடிகளில் பதிவு நிற்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெக்கையும் ஈரமும் அதைக் கெடுக்கும். தட்டில் தூசி இருந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடையுங்கள், சுற்றிச் சுற்றித் தேய்க்காதீர்கள்.

உள்ளே வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டரில் 1 ஜிபிக்கு உட்பட்ட விஓபி ஃபைல்களாகத் துண்டு துண்டாக இருக்கும். தனித்தனியாகப் பொறுக்காமல் ஃபோல்டரையே ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அதுதான் இனி உங்கள் அசல். பிறகு ஹேண்ட்பிரேக்கில் அந்த ஃபோல்டரைத் திறந்தால் முழு நிகழ்ச்சியும் ஒன்றாக வரும்.

நம் ஊர் டிவிடியில் படம் 720க்கு 576 அளவில், நொடிக்கு 50 அரைப்படங்களாக, அதாவது ஒன்றில் ஒற்றை வரிகளும் அடுத்ததில் இரட்டை வரிகளுமாக இருக்கும். அதை அப்படியே மாற்றினால் தாத்தாவின் வீசுகோல் வில்லில் விழும்போதெல்லாம் கோலின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடு தெரியும். ஃபில்டர்ஸில் அரைப்படங்களை முழுப்படமாக்கும் டீஇன்டர்லேஸைப் போட்டு, பாப் தேர்ந்து, பிரேம் எண்ணிக்கையை 50 ஆக்குங்கள். கோல் ஓடும் வேகம் அப்படியே கிடைக்கும். அளவை 1080-க்குப் பெரிதாக்க வேண்டாம், இல்லாத விவரம் வந்துவிடாது. சத்தம் ஏசி3 என்றால் பாஸ்த்ரு வைத்து அதைத் தொடாமல் விடுங்கள். ரொம்பச் சுருக்கினால் ஜால்ராவின் கணீர் ஒலிதான் முதலில் சிதையும்.

டிவிடி நடுவில் சிக்கினால் அதே டிரைவில் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டாம். வேறு கம்ப்யூட்டரின் டிரைவில் போட்டுப் பாருங்கள், ஒன்று படிக்காததை இன்னொன்று படிப்பதுண்டு. நகல் கிடைத்ததும் ஒன்றை அண்ணனுக்கும் அனுப்பிவிடுங்கள், மஸ்கட்டில் ஒரு பிரதி இருக்கட்டும்.