கணக்கில் 71 எடுத்த பிள்ளைக்கு எந்த குரூப்?

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பத்தாம் வகுப்பில் மகளுக்குக் கணக்கில் 71, அறிவியலில் 88. அவள் அப்பா கணக்கும் சேர்ந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்கிறார். பள்ளியில், கணக்கு வேண்டாம், இயற்பியல், வேதியியல், உயிரியல் மட்டும் உள்ள பியூர் சயின்ஸ் எடுக்கட்டும் என்கிறார்கள். உங்கள் அண்ணன் காமர்ஸ் என்கிறார். அவளைக் கேட்டால் "உங்க இஷ்டம்" என்கிறாள். பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்று திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வராதுதான்.

முதலில் அந்த 71-ஐப் பிரித்துப் பார்ப்போம். மொத்த மதிப்பெண்ணை வைத்து குரூப் முடிவு செய்வதுதான் நான் வருடா வருடம் பார்க்கும் பெரிய தவறு. நம் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளில் ஒரு மார்க் கேள்வி 14, அப்புறம் ஜாமெட்ரிக்கு 8, கிராஃபுக்கு 8. ஆக 30 மார்க். விடாமல் வரைந்து பழகி, புத்தகத்தின் ஒரு மார்க் கேள்விகளை நன்றாகப் படித்த பிள்ளை இதை அப்படியே அள்ளிவிடும். மீதி 70 மார்க் இரண்டு மார்க், ஐந்து மார்க் கணக்குகளில் இருக்கிறது. உங்கள் மகள் இந்த 70-இல் எங்கே வாங்கினாள், எங்கே விட்டாள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அளவியலிலும் புள்ளியியலிலும் விட்டிருந்தால் பெரிய கவலை இல்லை. இயற்கணிதத்திலும் முக்கோணவியலிலும் விட்டிருந்தால் யோசிக்க வேண்டும். பிளஸ் ஒன் கணக்கு இந்த இரண்டின் தோள்மேல்தான் நிற்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். பத்தாம் வகுப்பில் 94. பிளஸ் ஒன் காலாண்டில் 22. அவன் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்தே ஒரு கணக்கை எடுத்து, எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். கடகடவென்று எழுதினான். கடைசி வரியில் வந்தது புத்தகத்தில் இருந்த பழைய விடை. அவன் சோம்பேறி இல்லை. ராப்பகலாக உழைத்து எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தான். அவனைப் பார்த்து இன்றும் எனக்கு மனசு கனக்கிறது, ஏனென்றால் அந்த 94-ஐ நம்பித்தான் எல்லோரும் அவனை அந்த குரூப்பில் உட்கார வைத்தார்கள்.

அதனால் சனிக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டு மூன்று கணக்கு கொடுங்கள். ஒன்று இப்படி: அடுத்தடுத்த இரண்டு மிகை முழு எண்களைப் பெருக்கினால் 380 வருகிறது, அந்த எண்கள் எவை? இரண்டாவது, ஒரு முக்கோணவியல் முற்றொருமையை நிரூபிக்கும் கணக்கு; வகுப்பில் செய்யாததாகப் பார்த்து எடுங்கள். மூன்றாவது, ஏற்றக்கோணம் கொடுத்துக் கோபுரத்தின் உயரம் கேட்கும் கணக்கு, எண்களை மாற்றி. பக்கத்தில் உட்காருங்கள், பேசாதீர்கள். பேனா எங்கே நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். முதல் கணக்கில் ஒரு எண்ணை x என்றும் அடுத்ததை x + 1 என்றும் தானாக எழுதிவிட்டாளா? கோபுரத்துக்குப் படம் போட்டாளா? அதுவரை வந்துவிட்டு, பிறகு கழித்தலில் ஒரு குறியைத் தவற விட்டு விடை தப்பினால் பரவாயில்லை, அது பழகினால் போய்விடும். கேள்வியைப் படித்துவிட்டு எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தால்தான் விஷயம் வேறு.

பொறியியலுக்குக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று கேட்டிருந்தீர்கள். நம் மாநிலப் பொறியியல் கவுன்சிலிங்கில் தரவரிசைக்கான மதிப்பெண், அதாவது கட் ஆஃப், 200-க்கு. கணக்கு மார்க் முழுதாக 100, இயற்பியல் பாதியாக 50, வேதியியல் பாதியாக 50. ஒரு பிள்ளை கணக்கில் 60, மற்ற இரண்டிலும் 80 எடுத்தால் கட் ஆஃப் 140. இன்னொரு பிள்ளை கணக்கில் 80, மற்ற இரண்டிலும் 70 எடுத்தால் 150. மூன்று பாடத்தையும் கூட்டினால் இருவருக்கும் 220தான், ஆனால் தரவரிசையில் முன்னால் நிற்பது கணக்கு வந்த பிள்ளை. "கணக்கு சுமாராக இருந்தாலும் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரியில் தேற்றிக்கொள்ளலாம்" என்று அவள் அப்பா நினைத்தால், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். கணக்கு இல்லாமலே இன்ஜினியரிங் சேரலாம் என்று உங்கள் அண்ணன் சொன்னது 2021-இல் வந்த ஒரு செய்தியை வைத்து இருக்கும். அதை நம்பி இங்கே யாரும் கணக்கை விட வேண்டாம். நம் கவுன்சிலிங் தரவரிசையே கணக்கு மார்க்கில்தான் ஓடுகிறது.

காமர்ஸ் என்றால் கணக்கிலிருந்து தப்பித்துவிடலாம் என்பதும் பாதிதான் உண்மை. வணிகக் கணிதம் உள்ள குரூப், இல்லாத குரூப் என்று காமர்ஸில் இரண்டு வழி. வணிகக் கணிதப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்: அணிகள் இருக்கிறது, வகை நுண்கணிதம் இருக்கிறது, பிளஸ் டூவில் தொகை நுண்கணிதமும் வரும். ஆனால் அதே வகையீடு அங்கே செலவு, வருவாய், லாபம் என்று வருகிறது. வெக்டர், கலப்பெண் போன்றவை கிடையாது, புள்ளியியல் நிறைய உண்டு. எதற்கென்று தெரிந்தால்தான் மனம் ஒட்டும் என்கிற பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. கணக்கே இல்லாத காமர்ஸ் எடுத்துவிட்டு அப்புறம் சி.ஏ. படிக்கிறேன் என்று வருகிறார்கள். சி.ஏ.வின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷனில் நான்கு தாளில் ஒன்று வணிகக் கணிதம், தர்க்கம், புள்ளியியல் சேர்ந்தது, 100 மார்க். இரண்டு வருடம் கணக்கைத் தொடாதவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள். அதனால் காமர்ஸ் என்றால் வணிகக் கணிதத்தோடு எடுங்கள் என்பதே என் பேச்சு.

பியூர் சயின்ஸ் நல்ல குரூப்தான். மருத்துவம், நர்சிங், பார்மசி, மருத்துவம் சார்ந்த படிப்புகள் எல்லாம் திறந்தே இருக்கும். அவளுக்கு உயிரியல் பிடித்திருந்தால் தாராளமாக எடுக்கலாம். கணக்குக்குப் பயந்து எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். பிளஸ் ஒன்னில் கணக்கை விட்டால் பொறியியல் கவுன்சிலிங், தேசியப் பாதுகாப்பு அகாடமியான என்.டி.ஏ.வில் விமானப்படை, கடற்படை எல்லாம் போய்விடும். கணக்கு எடுத்துப் படித்துவிட்டுக் கல்லூரியில் விடலாம். விட்டுவிட்டுத் திரும்ப எடுப்பது ரொம்பக் கஷ்டம். ஒரே ஒரு ஆறுதல்: கம்ப்யூட்டர்தான் ஆசை என்றால் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்புக்கு எந்த குரூப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், அவர்கள் நடத்தும் தகுதிச் சுற்றில் தேற வேண்டும். அங்கேயும் உள்ளே போனால் கணக்கு நிறைய உண்டு, சொல்லிவிட்டேன்.

உயிரியலும் கணக்கும் சேர்ந்த பயோ-மேத்ஸ் எடுத்தால் மருத்துவம், பொறியியல் இரண்டு பக்கமும் போகலாமே என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகளுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். காலையில் நீட் கோச்சிங், மாலையில் கணக்கு டியூஷன் என்று அலைந்து, இரண்டிலும் அரைகுறையாக நின்ற பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

எந்தப் பக்கம் போனாலும் பள்ளியில் ஒன்றைக் கேளுங்கள்: பிளஸ் ஒன் பாடத்தை முழுதாக நடத்துவீர்களா? 2017-18-இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை. தேர்வு இல்லை என்றதும் பிளஸ் ஒன்னிலேயே பிளஸ் டூ பாடத்துக்குத் தாவும் ஆசை சில பள்ளிகளுக்கு வரலாம். எல்லையும் (லிமிட்) வகையீடும் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தில்தான் முதன்முதலாக வருகிறது. அதைத் தாண்டிப் போனால் பிளஸ் டூவில் எதுவும் விளங்காது.

அப்புறம் அந்த "உங்க இஷ்டம்". அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. 71 வந்த அன்று வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். எதைச் சொன்னாலும் திட்டு விழும் என்று தெரிந்த பிள்ளை சொல்லும் வார்த்தை அது. அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து, எந்தப் பாடத்தின் ஹோம்வொர்க்கை முதலில் எடுப்பாய், எதைக் கடைசிக்குத் தள்ளுவாய் என்று சும்மா கேளுங்கள்.

மூன்றில் இரண்டு கணக்கைத் தானாகத் தொடங்கிவிட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் போடுங்கள், 71 என்று தயங்க வேண்டாம். பள்ளியில் மறுத்தால் தலைமை ஆசிரியரை நேரில் பாருங்கள். தொடங்கவே முடியவில்லை என்றால் வணிகக் கணிதமா பியூர் சயின்ஸா என்பதை நாம் உட்கார்ந்து பேசலாம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். அவள் கணக்குப் போட்ட தாளை, அடித்தல் திருத்தலோடு அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்கள்.