பள்ளியைத் தேர்வது யார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தை ஒட்டிய கிராமம் எங்களுடையது. தறி ஓட்டுகிறேன். மகள் ஊரில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பள்ளியில் மொத்தமே 34 பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள். ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒரே அறையில்தான். சின்னவனை, கல்விஉரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு உள்ள 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. சேர்க்கலாம் என்று 2025இல் காத்திருந்தோம். மத்திய அரசு பணம் தரவில்லை என்று சேர்க்கை மாதக்கணக்கில் தள்ளிப்போனது. கடைசியில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிச் சேர்த்தேன்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2024இல், பள்ளியைத் தேர்ந்தெடுப்பதை அரசமைப்பு உரிமையாக்க வாக்கெடுப்பு நடந்ததாகப் படித்தேன். ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்திலும் 26ஆம் பிரிவில் அந்த உரிமை பெற்றோருக்குத்தான் என்று இருக்கிறதாமே. நம் அரசமைப்பிலும் அப்படி எழுதிவிட்டு, என் பிள்ளைக்கு அரசு செலவழிக்கிற பணத்தை என் கையில் கொடுத்தால் என்ன? அரசுப் பள்ளியைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளை எங்கே படிக்க வைத்தார்கள் என்றும் தெரிந்துகொள்ள ஆசை. மகளையும் மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். என் மகள் மெட்ரிக்குலேஷன் பள்ளியில்தான் படித்தாள். அப்போது வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருந்தோம். எல்.கே.ஜி. சேர்க்கைக்கு என்னையும் மனைவியையும் வரச்சொல்லி இரண்டு நாற்காலிகளில் உட்காரவைத்தார்கள். பிள்ளையிடம் ஒரு பழத்தின் பெயர் கேட்டார்கள். மீதிக் கேள்வி எல்லாம் எங்களுக்கு. என்ன படித்திருக்கிறீர்கள், வீட்டில் ஆங்கிலம் பேசுவீர்களா, சொந்த வீடா. அதே வாரம் எங்கள் காம்பவுண்டிலேயே இருந்த ஓர் ஆட்டோ ஓட்டுநரும் மகனை அழைத்துக்கொண்டு போனார். பையன் என் மகளைவிடச் சுட்டி. "பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். சொல்லவே இல்லை. பள்ளியை நான் தேர்ந்தெடுத்தேன் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது கல்விஉரிமைச் சட்டம் வருவதற்கு முந்தைய கதை. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ எந்த வடிகட்டலுக்கும் உட்படுத்தக் கூடாது என்கிறது. மீறினால் முதல்முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அதன்பிறகு ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை. சரி, நாற்காலிகள் போய்விட்டனவா? என் தங்கை மகன் போன வருடம் தன் குழந்தைக்காகப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தான். இப்போது அதற்குப் பெயர் 'இன்டராக்‌ஷன்'. பெயர் மாறியிருக்கிறது, கேள்விகள் மாறவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு கொலராடோவுக்கு வாருங்கள். அங்கே வாக்கெடுப்புக்கு வந்தது 80ஆம் எண் திருத்தம். மிகச் சிறிய வாசகம். ஒவ்வொரு குழந்தைக்கும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. வீட்டருகே உள்ள அரசுப் பள்ளி, சார்ட்டர் பள்ளி (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்துவது), தனியார் பள்ளி, வீட்டுக் கல்வி, இனி வரப்போகிற புதுமைகள் எல்லாம் அதில் அடங்கும். அவ்வளவுதான். எந்தப் பள்ளி யாரைச் சேர்த்தே ஆகவேண்டும், பணம் யாருடையது என்று ஒரு வரி கிடையாது. வேடிக்கை என்னவென்றால், சார்ட்டர் பள்ளிகளுக்கு அந்த மாநிலத்தில் 1993 முதலே சட்டம் உண்டு. குடியிருக்கும் பகுதிக்கு வெளியே உள்ள அரசுப் பள்ளிக்கு மனுப் போடவும் வழி இருந்தது. அப்புறம் ஏன் திருத்தம்? பின்னால் அரசுப் பணம் தனியார் பள்ளிக்குப் போக இது கதவு திறந்துவிடும் என்று ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. உரிமை என்று எழுதினால் கண்காணிப்பும் சேர்ந்து வரும் என்று, வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் கிறித்தவப் பெற்றோரின் அமைப்பு ஒன்றும் எதிர்த்தது. ஜெயிக்கத் தேவை 55 சதவீத வாக்கு, ஆதரவு பாதியைக்கூடத் தொடவில்லை.

தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் உரிமை அமெரிக்கப் பெற்றோருக்கு ஏற்கெனவே இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்குத்தான் போகவேண்டும் என்று ஒரேகான் மாநிலம் 1922இல் போட்ட சட்டத்தை அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 1925இலேயே தூக்கிப்போட்டுவிட்டது. இன்று நடக்கிற சண்டை பணத்தைப் பற்றியது. உங்கள் கடிதத்தின் மையமும் அதுதான் என்பதால் கென்டக்கி மாநிலத்தையும் சொல்ல வேண்டும். கொலராடோவில் வாக்கெடுப்பு நடந்த அதே நாளில், அரசுப் பள்ளிக்கு வெளியே படிக்கும் பிள்ளைகளுக்கும் அரசு பணம் கொடுக்கலாம் என்ற திருத்தம் அங்கே வாக்கெடுப்புக்கு வந்து, 120 மாவட்டங்களில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. அதே வாக்குச்சீட்டில் டிரம்ப்புக்குப் பெருவாரியாகக் குத்திய கிராமத்து மாவட்டங்களும் இதற்கு 'வேண்டாம்' என்றன. அந்த ஊர்களில் பலவற்றில் இருப்பதே ஒரு அரசுப் பள்ளிதான். காசைக் கையில் கொடுத்தால் எந்தப் பள்ளியில் போய்க் கட்டுவது?

நமக்கும் அப்படி ஊர்கள் உண்டு. ஒடுகத்தூரைத் தாண்டி மலையேறினால் பீஞ்சமந்தை. அதைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடிக் கிராமங்களில் நேற்றுவரை சாலைக்கே போராட்டம். அங்கே போய் 'பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை' என்று பேசிப் பாருங்கள். உங்கள் ஊருக்குக் குடியாத்தத்திலிருந்து பள்ளி வேன் வருகிறது. வேன் வரும் தூரம் வரைதான் உங்கள் உரிமையும் வரும்.

வேலூர்ச் சீமைக்கே உரிய இன்னொரு சிக்கல் இருக்கிறது. மிஷன்காரர்கள் நடத்தும் பள்ளிகள், வாணியம்பாடி ஆம்பூர்ப் பக்கம் இஸ்லாமியக் கல்விச் சங்கங்களின் பள்ளிகள் என்று இங்கே பழைய, பெயர்பெற்ற பள்ளிகளில் பல சிறுபான்மை நிறுவனங்கள். அரசமைப்பின் 30ஆம் பிரிவு அவற்றைக் காக்கிறது. காக்கத்தான் வேண்டும், அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் உருது வழியில் படிக்க நினைக்கிற பிள்ளைக்கு இடமே இருக்காது. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி இவற்றுக்குக் கல்விஉரிமைச் சட்டம் பொருந்தாது. அதாவது, நீங்கள் காத்திருந்த 25 சதவீத வாசல் இந்தப் பள்ளிகளில் கிடையவே கிடையாது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அந்தத் தீர்ப்பை மறுபடி பார்க்க வேண்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பியிருக்கிறது. அந்த 2025 தீர்ப்பில்தான் ஆசிரியர்களின் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) விவகாரமும் இருந்தது. தெரிந்த ஆசிரியர்கள் எல்லோரும் டெட்டைப் பற்றித்தான் பேசினார்கள். இந்தப் பாதியை யாரும் படித்த மாதிரியே தெரியவில்லை.

நம் அரசமைப்பில் பெற்றோர் தேர்ந்தெடுப்பதற்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. தொடக்க வகுப்பில் தாய்மொழி அல்லது கன்னடம்தான் பயிற்றுமொழி என்ற கர்நாடக அரசாணை 2014 மே மாதம் செல்லாமல் போனது. பிள்ளை எந்த மொழியில் படிப்பது என்பது பேச்சுரிமைக்குள் அடங்கும், அதைப் பிள்ளையின் சார்பில் பெற்றோர் முடிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். தாய்மொழிக் கல்வியை நம்புகிறவன் என்ற முறையில் எனக்கு அது கசந்தது. ஆனாலும் வீட்டுக்குள் அரசு வந்து உத்தரவு போடக் கூடாது என்ற நியாயம் புரிகிறது.

நீங்கள் கேட்கும் உரிமை வேறு வகை. அரசமைப்பின் 21ஏ பிரிவு ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்று எழுதியபோது அரசின் தலையில் ஒரு கடமை விழுந்தது. தரவில்லையென்றால் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். 'தேர்ந்தெடுக்கும் உரிமை' என்று எழுதினால் யாரை இழுப்பீர்கள்? உங்கள் மகளைச் சேர்க்க மறுக்கிற பள்ளியையா? அந்தப் பள்ளியைக் கட்டாயப்படுத்தும் வாசகம் இல்லாதவரை, அரசமைப்பில் பொன் எழுத்தில் பொறித்தாலும் அந்த நாற்காலியில் உட்காரத்தான் வேண்டும். கட்டாயப்படுத்தும் வாசகம் சாதாரணச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த 25,000 ரூபாய் அபராதத்தை யாராவது கட்டி நான் பார்த்ததில்லை.

உங்கள் ஊர்ப் பள்ளியின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் எனக்கு உறுத்துகிறது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், தொண்ணூறு வரை மூன்று என்பது சட்டத்தின் அட்டவணை. வகுப்பைப் பற்றி அதற்குக் கவலை இல்லை, தலையைத்தான் எண்ணுகிறது. ஒரு ஊரில் எழுபது பிள்ளைகளுக்கு மூன்று ஆசிரியர் இருந்தார்கள் என்று வையுங்கள். பதினைந்து பேர் தனியார் பள்ளி வேனில் ஏறிவிட்டால் மூன்றாவது ஆசிரியர் 'உபரி' ஆகிறார். பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போகிறார். மீதி இருவர் ஐந்து வகுப்பைப் பார்க்கிறார்கள். அதைப் பார்த்து இன்னும் இருபது பேர் ஏறுகிறார்கள். ஒவ்வொரு பெற்றோரும் தன் அளவில் நியாயமாகத்தான் தேர்ந்தெடுக்கிறார், நானும் அப்படித்தான். உங்கள் ஊரில் போக முடியாத 34 பேருக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. நான் ஒரு திருத்தம் கேட்பதானால், தலைக்கணக்கு என்னவானாலும் ஐந்து வகுப்புக்கு மூன்று ஆசிரியராவது வேண்டும் என்று கேட்பேன். இதற்கு அரசமைப்பைத் தொடவே வேண்டாம். செலவாகும், அவ்வளவுதான்.

மகளை மாற்றலாமா என்று கேட்டீர்கள். மாற்றத் தோன்றினால் மாற்றுங்கள். ஊர்ப் பள்ளியைக் காப்பாற்றும் பாரத்தை ஒன்பது வயதுப் பிள்ளையின் முதுகில் ஏற்ற எனக்கு வாய் வராது, அதுவும் என் மகளை நான் அனுப்பிய இடம் தெரிந்தபிறகு. ஆனால் அதற்கு முன் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கவேண்டும் என்பது சட்டம். பெண்கள் பாதி இருக்கவேண்டும் என்பதால் உங்கள் மனைவியே போனால் இன்னும் நல்லது. இரண்டு டீச்சரில் ஒருவர் பயிற்சிக்குப் போகும் நாளில் மாற்று ஆள் வேண்டும் என்று தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சின்னவன் விஷயத்தில் ஒன்று. அடுத்த பிள்ளைக்கோ சொந்தக்காரர் பிள்ளைக்கோ 25 சதவீதத்தில் இடம் கிடைத்தாலும் அது எட்டாம் வகுப்போடு சரி. ஒன்பதில் முழுக் கட்டணம் கேட்பார்கள். அந்தத் தொகையை இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். வேன் கட்டணத்தையும் தனியாகக் கேளுங்கள். அதைக் கடைசியில், எழுந்து கிளம்பும்போதுதான் சொல்வார்கள்.

அன்புடன்.